அண்ணாச்சி, வண்டிக்கு மூளலுண்டு

முதலில் கேட்டது அம்மாதான். ஆரியங்காவு அய்யப்பன் கோயிலுக்குப் போய்விட்டு மலை இறங்கிக்கொண்டிருந்தோம். நான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். புளியரை தாண்டி ரோடு சமமானதும், "ஏய்யா, வண்டி என்ன முனங்கிட்டே வருது?" என்றாள்.

பாட்டை நிறுத்தினேன். ஜன்னலை இறக்கினேன். காற்றுதான் கேட்டது. "ரோட்டுச் சத்தம்மா" என்றேன். "ரோடு இல்ல, வண்டிதான். போன மாசம் இது கிடையாது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குச் செங்கோட்டை. கைலி, துண்டு, போர்வை எடுத்துப் புனலூர், அஞ்சல், கொட்டாரக்கரை கடைகளுக்குப் போடுவது தொழில். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊரே அந்தப் பக்கத்தோடு இருந்ததுதான்; அங்கே போவதை வெளியூர் போவதாக யாரும் நினைப்பதில்லை. புனலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், 744ஆம் நம்பர் நெடுஞ்சாலை. வாரத்தில் இரண்டு தடவையாவது ஏறி இறங்க வேண்டும். புளியரைக்கு மேலே எஸ் வளைவு, தடி ஏற்றிக்கொண்டு எதிரே வரும் லாரிகள், கழுதுருட்டிப் பக்கம் 13 கண் ரயில் பாலம், அப்புறம் தென்மலை. வண்டி பத்து வயசான சின்ன பெட்ரோல் கார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம், பாவம், அது மேல் தப்பில்லை.

அம்மா சொன்ன பிறகு எனக்கும் கேட்க ஆரம்பித்தது. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் கேட்கும். 40க்கு மேலே போனால் "ஊஊம்" என்று ஒரு ஓசை, மாவு மில் பக்கத்துத் தெருவில் ஓடுகிற மாதிரி. 60இல் நன்றாகவே கேட்டது.

நான் செய்த முதல் முட்டாள்தனம் இதுதான்: ஒரு டயர் கடையில் நிறுத்தி, "முன்னாடி டயர் பக்கம் உறுமுதுங்க" என்றேன். டயர் என்ற வார்த்தையை நானே அவர் வாயில் ஊட்டிவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், கையால் தடவினார், "தேஞ்சு போச்சு சார், அதான் சத்தம்" என்றார். தேய்ந்துதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஆறேழு மாசம் தாங்கியிருக்கும். இரண்டு புது டயர், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய். கடையை விட்டு வெளியே வந்து பிரானூர் பார்டர் தாண்டுவதற்குள் அதே மாவு மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. புது டயரில் இன்னும் தெளிவாகக் கேட்டது என்றுகூடச் சொல்லலாம்.

காசு செலவில்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறும்போது சத்தமும் மாறும். புதுசாகத் தார் போட்ட வழவழப்பான இடத்தில் குறையும், ஜல்லி தெரிகிற பழைய ரோட்டில் கூடும். என் சத்தம் எந்த ரோட்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. இன்னொரு வழி, முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுவது. சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர். இருந்த இடத்திலேயே இருந்தால் வேறு ஏதோ. இதை அந்தக் கடைக்காரரே செய்து பார்த்திருக்கலாம். கேட்காதது என் தப்பு.

புனலூரில் நான் துணி போடுகிற கடைக்காரர்தான் அந்த மெக்கானிக்கிடம் அனுப்பினார். ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டியை நான் உள்ளே திருப்பி நிறுத்துவதற்குள், வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணாச்சி, வண்டிக்கு மூளலுண்டு, அல்லே?"

மலையாளத்தில் எனக்கு விலை பேசத் தெரியும், பாக்கி கேட்கத் தெரியும். வண்டி பேசத் தெரியாது. மூளுது என்றால் நமக்கு என்ன? தீ மூளும், சண்டை மூளும். பின்னாலே முப்பது பண்டல் துணி இருக்கிறது. நான் பதறிக் கதவைத் திறந்து குதித்து பானட் பக்கம் ஓடினேன். புகை வருகிறதா என்று பார்த்தேன். கொட்டகையில் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஆசான் சிரிக்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டு, வண்டு மாதிரி "ம்ம்ம்ம்" என்று ரீங்காரம் போட்டுக் காட்டினார். மூளல் என்றால் அவர்களுக்கு அது. அம்மா சொன்ன முனங்கலும் அதுதான்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விகளைத்தான் நான் இன்று வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என்ன சத்தம் என்று அவர் கேட்கவே இல்லை. எப்போ, எப்போ என்றே கேட்டார். எத்தனை ஸ்பீடில் ஆரம்பிக்கிறது? நின்ற இடத்தில் ஆக்சிலேட்டர் மிதித்தால் வருகிறதா? கியர் மாற்றினால் மாறுகிறதா? பிரேக் மிதித்தால்? வளைவில் கூடுகிறதா, குறைகிறதா? எந்தப் பக்கத்து வளைவில்?

முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. மூன்று வாரம் அந்தச் சத்தத்தோடு மலை ஏறி இறங்கியிருக்கிறேன், எந்த வளைவில் கூடியது என்று கவனிக்கவில்லை. "போயி ஓடிச்சிட்டு வா" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார். தானும் ஏறிக்கொண்டார்.

நல்ல சமமான ரோட்டில் 60 வந்ததும் கிளட்ச்சை மிதித்து நியூட்ரல் போடச் சொன்னார். எஞ்சின் சத்தம் சட்டென்று கீழே இறங்கியது. மூளல் இறங்கவில்லை. வண்டி தானாக ஓடி வேகம் குறையக் குறைய அதுவும் மெல்லக் குறைந்தது. எஞ்சின் அந்த ஒரு சோதனையிலேயே கழிந்து போனது; சக்கரத்தோடு சுழல்கிற ஏதோ ஒன்றுதான். (இதைச் சமமான ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது மட்டும் செய்ய வேண்டும். மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் எஞ்சின் பிடிமானம் போய்விடும், பிரேக் காய்ந்து தீய்ந்துவிடும். எங்கள் மலையில் அப்படிப் பெட்ரோல் மிச்சம் பிடித்தவர்கள் கதை நிறைய உண்டு.)

அடுத்து வளைவு. வலது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். இடது பக்கம் திரும்பினால் வலது மேல். வலது வளைவில் என் வண்டி "ஊஊம்" என்று ஏறியது. இடது வளைவில் பாதியாக அடங்கியது. ஆசான் இடது முன் சக்கரத்தைக் காட்டி விரலை ஆட்டினார். எனக்கோ சத்தம் வலது பக்கமிருந்து, என் காலடியிலிருந்து வருகிற மாதிரியே இருந்தது. காரின் தரை ஒரே தகடு. சத்தம் எங்கே பிறந்தாலும் எங்கே வேண்டுமானாலும் வந்து கேட்கும். காதை நம்பிச் சக்கரத்தைக் கழற்றக்கூடாது.

கொட்டகைக்குத் திரும்பினோம். பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்தார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. "பிளே இல்லியே சேட்டா" என்றேன். "பிளே வந்நால் பின்னே ஞான் வேண்டா, கிரேன் மதி" என்றார். ஆட்டம் வருகிற வரைக்கும் காத்திருந்தால் அப்புறம் மெக்கானிக் தேவையில்லை, தூக்கிப் போக கிரேன் போதுமாம்.

அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். விரலை நுழைக்காமல் உள்ளங்கை மட்டும் படும்படி. இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். வலது பக்கம் முதலில்: ஒன்றுமே தெரியவில்லை, சக்கரம் சுற்றுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. இடது பக்கம் வைத்ததும் கை கூசியது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் போட்டுக் கையில் வைத்தால் குறுகுறுக்குமே, சின்ன வயசில் செய்திருப்போம், அதே குறுகுறுப்பு. சத்தம் காதுக்குக் கேட்கவில்லை, ஆனால் கை சொல்லிவிட்டது. வீல் பேரிங்; சக்கரம் உரசாமல் சுழல உள்ளே குண்டு வைத்த வளையம்.

காரணத்தை அவரே கேட்டு வாங்கினார். ஆனி மாத மழையில் ஒருநாள் ரோட்டில் தேங்கி நின்ற தண்ணீரில் பாதிச் சக்கரம் முங்க ஓட்டியிருந்தேன். மலை இறங்கி பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடாகியிருந்த ஹப், அதாவது பேரிங் உட்காருகிற சக்கரத்தின் நடுப்பகுதி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் பழசாக இருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, குண்டு ஓடுகிற பாதையில் துரு பிடித்து, சொரசொரப்பாகிவிடும். அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று மாசம் கழித்துத்தான் மூளும்.

பேரிங் வாங்கி வர ஒரு மணி நேரம். அதைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடவில்லை ஆசான். பையனிடம் கொடுத்து லேத் பட்டறைக்கு அனுப்பி பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றி வரச் சொன்னார். அடித்தால் அடி உள்ளே இருக்கிற குண்டு மேல்தான் விழும், பாதையில் குழி விழும், புதுசு வாங்கிய மாசமே மறுபடி மூளும். நீங்கள் பேரிங் மாற்றுவதாக இருந்தால் பிரஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூலியெல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. தேவைப்படாத டயருக்குப் போனது அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே.

அன்றிலிருந்து டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், பாக்கிக் கணக்கு எழுதுகிற அதே சைஸ். சத்தம் கேட்டால் நிறுத்திய பிறகு எழுதுவேன்: வேகம், கியர், ஏற்றமா இறக்கமா, எஞ்சின் குளிர்ந்ததா சூடா, எந்தப் பக்கம் திரும்பினேன், சரக்கு இருந்ததா, மழையா. போனில் ரெக்கார்டும் செய்வேன், ஆனால் அதை விட எழுத்துதான் பயன்பட்டது. போன் மைக் இந்த மாதிரி அடிக்குரல் ஓசையைச் சரியாகப் பிடிப்பதில்லை.

மலைப்பாதையே ஒரு சோதனைக்கூடம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பக்கம் பாறை அல்லது தடுப்புச் சுவர் வருகிற இடத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், அந்தப் பக்கத்துச் சக்கரச் சத்தம் சுவரில் பட்டு அப்படியே காதுக்கு வரும். திரும்பி வரும்போது பாறை அடுத்த பக்கம் வந்துவிடும். எஸ் வளைவில் மேலேறும்போது வலது, இடது என்று பாரம் மாறிக்கொண்டே இருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் நான்காவது கியரில் இழுத்துக்கொண்டு போனபோது எஞ்சினில் படபடவென்று ஒரு சத்தம். அம்மாதான் மறுபடியும்: "எண்ணெயில கடுகு வெடிக்க மாதிரி இருக்கு." அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. பெட்ரோல் எஞ்சினில் வேகம் குறைந்து பாரம் கூடும்போது எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து எரிகிற சத்தம். வண்டியில் குறை இல்லை, ஓட்டினவன் கையில் குறை. கியரை ஒன்று குறைத்தேன், கடுகு அடங்கிவிட்டது. கியர் குறைத்த பிறகும் வெடித்தால்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

தென்மலையில் டீ குடிக்க நிறுத்தப் போனபோது, கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கிறீச்சென்று ஒரு சத்தம், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. பிரேக் போய்விட்டது என்று நினைத்து உடம்பு வியர்த்துவிட்டது. பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜல்லி மாட்டியிருந்தது. பின்னால் பத்தடி ரிவர்ஸ் எடுத்து இரண்டு தடவை பிரேக் அடித்தேன், விழுந்துவிட்டது. விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி அந்தத் தகட்டை ஸ்குரூடிரைவரால் கொஞ்சம் நெம்பினால் போதும். ரோடு வேலை நடக்கிற இடத்தைத் தாண்டின உடனே வந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

பிரேக்கில் வேறு சத்தங்களும் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. சாரல் காலத்தில் ராத்திரி வெளியே நின்ற வண்டியை காலையில் எடுத்தால் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சொரசொரவென்று கேட்கும். டிஸ்கில் படிந்த துரு, தேய்ந்து போய்விடும், கண்டுகொள்ள வேண்டாம். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் விசில் மாதிரிக் கீச்சென்று வந்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் தேய்ந்திருக்கலாம். நிறைய பேடுகளில் தேய்மானம் ஒரு அளவுக்கு வந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அந்த வாரமே மாற்றிவிடலாம். கீச்சு நின்று "கர்ர்" என்று இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வந்தால் மலை ஏறவே கூடாது. பேட் தீர்ந்து போய் டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளப்பும்போது "டக் டக் டக்" என்று சக்கரத்தோடு சேர்ந்து அடித்தால் ஆக்சில் முனையில் இருக்கிற சி.வி. ஜாயிண்ட். அதற்கு முன்னாலேயே அடையாளம் தெரியும்: ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாகக் கிரீஸ் தெளித்திருக்கும். பூட் கிழிந்ததும் மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். மண் உள்ளே போன பிறகு என்றால் ஜாயிண்டே போகும். சின்னச் சின்னக் குழியில் மெதுவாகப் போகும்போது மட்டும் "கட கட" என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கிற லிங்க் ராட். கிளட்ச்சில் ஒரு வித்தியாசம்: நியூட்ரலில் நின்றுகொண்டு பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் பக்கம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் "கீஈஈ" என்று கத்தினால், பள்ளம் பள்ளமாக இருக்கிற உள்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடுகிற புல்லி நேராக இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. தெளிக்கும்போது தோளில் துண்டு இருக்கக்கூடாது. துண்டு விற்கிறவனே சொல்கிறேன்.

என்னைப் பத்து நாள் அலைக்கழித்த சத்தம் வேறொன்று. வளைவுக்கு வளைவு சீட்டுக்கு அடியில் "கடகட, டொங்". வலது வளைவில் ஒரு தடவை, இடது வளைவில் ஒரு தடவை, கணக்காக. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். ஸ்டியரிங் ராக், லோயர் ஆர்ம் என்று மனசுக்குள் விலையெல்லாம் போட்டுவிட்டேன். ஆசான் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் கையை விட்டு, சபரிமலை அரவணை டின் ஒன்றை எடுத்தார். மைத்துனர் மகன் வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு உருட்டிவிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் வந்தாலும் முதல் வேலை வண்டியைக் காலி செய்வது: டிக்கி, ஸ்டெப்னி, ஜாக்கி, கதவுப் பை, தண்ணீர் பாட்டில்.

எல்லாவற்றுக்கும் இப்படி நோட்டெடுத்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. டயர் மாற்றின மறுநாள் ஒரு சக்கரத்தில் "தட் தட்" என்று வந்தால் அங்கேயே நிறுத்தி நட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் உலக்கை இடிக்கிற மாதிரிக் கனமான "டொம் டொம்", கூடவே ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது, சாவியைத் திருப்பி அணைத்துவிட வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருத்தர் ஆரியங்காவு வரைக்கும் போய்விடலாம் என்று போனார். போய்ச் சேர்ந்தார், எஞ்சின் சேரவில்லை.

அம்மா இப்போதும் பின்சீட்டில்தான். பாட்டை மட்டும் நான் குறைத்துவிட்டேன். போன வாரம் கொட்டாரக்கரையில் சரக்கெல்லாம் இறக்கிவிட்டு காலி வண்டியோடு வரும்போது நோட்டில் எழுதியது: "பின்னால் இடது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது ஒரே ஒரு டொக். ஏறும்போது இல்லை, இறங்கும்போது மட்டும். சரக்கு இருந்தால் இல்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தாச்சு, டின் இல்லை. வெள்ளிக்கிழமை ஆசானிடம் காட்டணும்."